காத்திருப்பின் விலை: வீட்டில் படம் சேர்ப்போரும் மாறும் வடிவங்களும்

இன்னும் நல்லது வரப்போகிறது என்று தெரிந்தபின், இன்று கிடைப்பதை வாங்கலாமா? கைபேசி வாங்கப் போகிறவரும் இதைக் கேட்பார். ஆனால் கைபேசி நான்கைந்து ஆண்டில் தேய்ந்து போகும் பொருள், எப்படியும் மாற்றியாக வேண்டும். திரைப்படத்தைக் காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைப்பவரின் எண்ணம் வேறு. பத்தாண்டு கழித்தும் எடுத்துப் பார்க்கத்தான் அவர் வாங்குகிறார். அதற்குள் அந்தத் தட்டை ஓட்டக் கருவியே இல்லாமல் போனால் என்ன செய்வது, அதே படம் இரண்டு மடங்குத் தெளிவோடு மறுபடி வந்தால் என்ன செய்வது என்ற கவலை அவருக்கு இருப்பது இயல்பு. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இக்கேள்விக்குச் சொல்லப்பட்டுவரும் விடைகளையும், அவை எங்கே நிற்கின்றன, எங்கே சறுக்குகின்றன என்பதையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

சந்தையோடு பிறந்த கேள்வி

ஜப்பானில் சோனி நிறுவனத்தின் பீட்டாமேக்ஸ் 1975-இலும், ஜேவிசி நிறுவனத்தின் விஎச்எஸ் 1976-இலும் வீடியோ கேசட் வடிவங்களாக விற்பனைக்கு வந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மேக்னடிக் வீடியோ என்ற சிறு நிறுவனத்தை நடத்திவந்த ஆந்த்ரே பிளே, 1977-இல் ட்வென்டியத் சென்சுரி ஃபாக்ஸிடம் 50 படங்களுக்கு உரிமை பெற்று அவற்றைக் கேசட்டாக விற்கத் தொடங்கினார். பெரிய ஸ்டுடியோ ஒன்றின் படங்கள் வீட்டுக்கு விலைக்கு வந்த அந்த ஆண்டிலேயே, ஒன்றின் கேசட் மற்றதில் நுழையாத இரண்டு வடிவங்கள் கடையில் இருந்தன. எதை வாங்குவது, வாங்காமல் இருப்பதா என்ற தயக்கம் அப்போதே தொடங்கிவிட்டது.

மறு ஆண்டே மூன்றாவது ஒன்று சேர்ந்தது. 1978 டிசம்பரில் அட்லாண்டாவில் லேசர்டிஸ்க் அறிமுகமானது. கிராமபோன் தட்டைப்போல் ஊசியால் படம் காட்டும் சிஇடி என்ற வடிவத்தை ஆர்சிஏ 1981-இல் கொண்டுவந்து, 1984-இல் அதற்கான கருவிகளை நிறுத்திக்கொண்டது. பீட்டாமேக்ஸை உருவாக்கிய சோனியே 1988-இல் விஎச்எஸ் கருவிகளைத் தயாரிக்க இறங்கியது. பதின்மூன்று ஆண்டுகளில் இத்தனை வரவும் போக்கும் கண்டவர்களிடம் ‘பொறுத்திருந்து வாங்கு’ என்ற எச்சரிக்கை வேரூன்றியதில் வியப்பில்லை.

முதல் நிலைப்பாடு: பொறுத்தவர் இழப்பதில்லை

காத்திருக்கச் சொல்வோருக்குப் பொருளியலில் வலுவான துணை உண்டு. நெடுநாள் உழைக்கும் பொருளை ஒருவரே விற்கும்போது, விலை எப்படியும் இறங்கும் என்பதை வாங்குவோர் ஊகித்துக் காத்திருப்பார்கள் என்று ரொனால்டு கோஸ் 1972-இல் வாதிட்டார். தொழில்நுட்பம் வேகமாக முன்னேறும் என்ற எதிர்பார்ப்பே அதை மக்கள் ஏற்பதைத் தாமதப்படுத்தும் என்று நேதன் ரோசன்பர்க் 1976-இல் எழுதினார். பலர் பயன்படுத்தினால்தான் பயன் பெருகும் பொருள்களில், ஒவ்வொருவரும் அடுத்தவர் முந்தட்டும் என்று நிற்பதால் நல்ல மாற்றமும் தேங்கக்கூடும் என்று ஜோசப் ஃபாரலும் கார்த் சலோனரும் 1980-களின் நடுவில் காட்டினர்.

வீட்டுப் படச் சந்தையில் இதற்கு நேரடிச் சான்றும் உண்டு. டிவிடி அமெரிக்காவுக்கு வந்த 1997-இலேயே சர்க்யூட் சிட்டி என்ற கடைத்தொடர் ‘டிவ்எக்ஸ்’ என்ற போட்டித் திட்டத்தை அறிவித்தது. 4.49 டாலருக்குத் தட்டு வாங்கலாம், ஓட்டத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம் பார்க்கலாம், அதன்பின் பார்க்க மறுபடி பணம் கட்ட வேண்டும். திட்டம் 1998-இல் கடைக்கு வந்து 1999 ஜூனில் முடிந்தது. ஆனால் அது வருவதற்கு முன்பே, அறிவிப்பு மட்டுமே டிவிடியின் பரவலைச் சிறிது காலம் மந்தப்படுத்தியது என்று டேவிட் டிரனோவும் நீல் காண்டலும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு கண்டது. காத்திருக்கும் மனநிலை பலரிடம் உண்மையிலேயே வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைப்பது அரிது.

காத்திருந்தோருக்கு அப்பட்டமான வெற்றி என்றால் அது உயர்தெளிவுத் தட்டுகளின் போரில்தான். டோஷிபாவின் எச்டி டிவிடி 2006 மார்ச் இறுதியில் ஜப்பானில் வந்தது. சோனி முதலான நிறுவனங்களின் ப்ளூ-ரே அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் வந்தது. ஸ்டுடியோக்கள் இரு அணியாகப் பிரிந்தன. 2008 ஜனவரி 4 அன்று வார்னர் நிறுவனம் ப்ளூ-ரே பக்கம் சாய்ந்தது, பிப்ரவரி 19 அன்று டோஷிபா விலகியது. ஆக, இரண்டு ஆண்டு பொறுத்தவருக்கு நட்டமில்லை. எச்டி டிவிடி வாங்கியோருக்கு வார்னர் 2009-இல், தட்டு ஒன்றுக்கு 4.95 டாலரும் அஞ்சல் செலவும் வாங்கிக்கொண்டு ப்ளூ-ரேயாக மாற்றித் தந்தது. மற்ற ஸ்டுடியோக்களின் படங்களுக்கு இந்த வழி இல்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் ரோசன்பர்க்கின் வாதத்திலேயே ஒளிந்திருக்கிறது. அடுத்தது எப்போதும் வந்துகொண்டேதான் இருக்கும். 1995-இல் டிவிடிக்காகக் காத்திருக்கக் காரணம் இருந்தது, 2005-இல் ப்ளூ-ரேவுக்காக, 2015-இல் 4கே தட்டுக்காக. எந்த ஆண்டில் கேட்டாலும் ‘இன்னும் கொஞ்சம்’ என்றே சொல்லும் அறிவுரை, என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. அந்த ஆண்டுகளில் பார்க்காமல் விட்ட படங்களுக்கும் அதன் கணக்கில் இடமில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: பார்ப்பதற்குத்தானே படம்

எதிரணியின் வாதம் எளிமையானது. படத்தின் பயன் பார்ப்பதில் இருக்கிறது. இன்று வாங்கிப் பலமுறை பார்த்து மகிழ்ந்தபின், ஐந்தாண்டு கழித்து நல்ல பதிப்பு வந்தால் கொடுத்த காசு வீணாகிவிடுமா? மீள முடியாத, பெருந்தொகை வேண்டிய முதலீட்டில்தான் காத்திருப்புக்குத் தனி மதிப்பு உண்டு. ஒரு தட்டின் விலைக்கு அவ்வளவு தயக்கம் வேண்டியதில்லை.

விலை வரலாறு இவ்வாதத்துக்குப் பாதி துணை நிற்கிறது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரு படக் கேசட்டின் விலை பெரும்பாலும் 80 டாலர் அளவில் இருந்தது. அந்த விலையில் தனிமனிதர் சேகரிப்பது கடினம், அதை வாங்கியவை வாடகைக் கடைகளே. 1987-இல் ‘டாப் கன்’ கேசட் 26.95 டாலருக்கு வந்தது போன்ற முயற்சிகளுக்குப் பிறகே வீட்டுச் சேகரிப்பு பரவலானது. தொடக்கத்திலிருந்தே ஒரு குடும்பம் வாங்கக்கூடிய விலையில் படங்களை வைத்தது டிவிடியின் வெற்றிக்கு ஒரு காரணம். ஆகவே ‘விலை சிறிது’ என்ற வாதம் 1990-களின் இறுதியிலிருந்து பொருந்துகிறது. அதற்கு முன்பு பொருந்தவில்லை.

இந்த அணியும் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறது. ஒரு படத்துக்குச் செலவு சிறிது, 300 படங்களுக்குச் சிறிதல்ல. ஸ்டுடியோக்களும் இதை அறிந்தே விற்கின்றன. ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ தொடர் ப்ளூ-ரேயில் முதலில் திரையரங்கப் பதிப்பாக 2010-இலும், ரசிகர்கள் உண்மையில் எதிர்பார்த்த நீட்டித்த பதிப்பாக 2011-இலும், பின்னர் 4கே தட்டாக 2020-இலும் வந்தது. டிவிடியில் தொடங்கியவர் ஒவ்வொரு படியிலும் மறுபடி பணம் கட்டியிருப்பார். இங்கே காத்திருக்கச் சொல்வோரின் எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு. ஆனால் அது வடிவத்தைப் பற்றிய எச்சரிக்கை என்பதைவிட, பதிப்பைப் பற்றிய எச்சரிக்கை.

கருவியும் படமும் ஒன்றல்ல

இரு அணிகளும் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்றுண்டு. கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாறியபோது பழைய சேகரிப்பு புதிய கருவியில் நுழையவே இல்லை. அதன்பின் அப்படி ஒரு முறிவு நேரவில்லை. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டின் அளவு 1996-இலிருந்து மாறவில்லை. பொதுவாக ப்ளூ-ரே கருவி டிவிடியை ஓட்டும், 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே கருவி மூன்றையும் ஓட்டும். 1997-இல் வாங்கிய டிவிடியை, தட்டு கெடாமல் இருந்தால், இன்றைய கருவியில் போட்டுப் பார்க்கலாம்.

வடிவப் போரில் தோற்றவரின் இழப்பு பெரும்பாலும் கருவியிலும், அந்தக் கருவி மட்டுமே படிக்கும் தட்டுகளிலும்தான். போர் முடியும்வரை கருவி வாங்காமல் இருப்பதற்கு நல்ல காரணம் உண்டு. ஆனால் 2006-இல் ஒருவர் ஒரு பழைய படத்தின் டிவிடியை வாங்கத் தயங்கியிருந்தால், அந்தத் தயக்கத்துக்குப் போரைக் காரணம் காட்ட முடியாது. எந்த அணி வென்றிருந்தாலும் அந்த டிவிடி ஓடியிருக்கும்.

கண்ணுக்கு எட்டும் தெளிவு

புதிய வடிவத்துக்காகக் காத்திருப்பவர் எதிர்பார்ப்பது கூடுதல் தெளிவை. அது எவ்வளவு தெரியும் என்பதை ஓரளவு கணக்கிட்டே பார்க்கலாம். சராசரிப் பார்வையுள்ள கண், கோணத்தில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்குவரை பிரித்தறியும் என்பது வழக்கமான அளவுகோல். 55 அங்குலத் தொலைக்காட்சியின் அகலம் ஏறத்தாழ 122 சென்டிமீட்டர். டிவிடியின் 720 புள்ளிகளை அதில் பரப்பினால் ஒரு புள்ளி 1.7 மில்லிமீட்டர், ப்ளூ-ரேயின் 1,920 புள்ளிகளைப் பரப்பினால் 0.63, 4கே தட்டின் 3,840 புள்ளிகளுக்கு 0.32. மேற்சொன்ன அளவுகோலின்படி டிவிடியின் புள்ளி ஏறத்தாழ 6 மீட்டர் தொலைவு வரையிலும், ப்ளூ-ரேயின் புள்ளி 2.2 மீட்டர் வரையிலும், 4கே புள்ளி 1.1 மீட்டர் வரையிலும் தனித்துத் தெரியும்.

எட்டடி தள்ளி சோபாவில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு டிவிடிக்கும் ப்ளூ-ரேவுக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு. ப்ளூ-ரேவுக்கும் 4கேவுக்கும் இடையே புள்ளிக் கணக்கில் அவருக்குக் கிடைப்பது மிகச் சிறிது. இது முடிந்த தீர்ப்பல்ல. கூர்ந்த பார்வை உடையோர் உண்டு, பெரிய திரையும் உண்டு. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சும் நிறச் செறிவும் 4கே தட்டில் கூடியிருப்பதை எந்தத் தொலைவிலிருந்தும் உணரலாம். ஆயினும் ஒவ்வொரு படிக்கும் கிடைக்கும் ஆதாயம் முந்தைய படியைவிடக் குறைந்துவருகிறது என்று சொல்வதில் தவறில்லை. ஜப்பானின் என்எச்கே 2018 டிசம்பரிலேயே 8கே ஒளிபரப்பைத் தொடங்கியது. வீட்டுக்குப் படம் விற்கும் 8கே தட்டு அதைத் தொடர்ந்து வந்துவிடவில்லை.

மூலப்பிரதியின் தரமும் எல்லை வகுக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த படத்திலிருந்து இன்னும் நுணுக்கம் எடுக்கலாம். டேனி பாயிலின் ‘28 டேஸ் லேட்டர்’ பெரும்பகுதி சாதாரணத் தெளிவுள்ள டிஜிட்டல் வீடியோ கேமராவில் எடுக்கப்பட்டது. அதில் இல்லாத நுணுக்கத்தை எந்த வடிவமும் கொண்டுவர முடியாது.

இருபத்து நான்கு ஆண்டு காத்திருப்பு

ஜேம்ஸ் கேமரூனின் ‘தி அபிஸ்’ 1989-இல் வெளியானது. 2000-இல் வந்த அதன் டிவிடி, அகலத்திரைத் தொலைக்காட்சிக்கென அமைக்கப்படாதது. அத்தகைய திரையில் போட்டால் மேலும் கீழும் மட்டுமின்றி நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், நடுவில் சின்னதாகப் படம் ஓடும். ப்ளூ-ரேயில் வரட்டும் என்று காத்திருந்தவருக்கு அந்த வடிவத்தின் உச்சகாலம் முழுதும் கடந்தும் படம் கிடைக்கவில்லை. 2024 மார்ச்சில்தான் 4கே தட்டாக வந்தது. அதே இயக்குநரின் ‘ட்ரூ லைஸ்’ படத்துக்கும் இதே கதை. ஆனால் அது வந்தபோது, கணினி கொண்டு அளவுக்கு மீறித் துடைத்ததால் பிலிமின் இயல்பான குருணை போய் முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிகின்றன என்று பல விமர்சகர்கள் குறைகூறினர்.

இந்த இரண்டு படங்களைக் காத்திருப்போரும் சான்றாகக் காட்டலாம், வாங்கச் சொல்வோரும் காட்டலாம். நல்ல பதிப்பு வரத்தான் செய்தது. ஆனால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை, வந்தது எல்லா வகையிலும் மேலானது என்ற உறுதியும் இல்லை. சில சமயம் புதிய வடிவத்துக்குப் பழைய பதிப்பு வந்து சேர்வதே இல்லை. ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் மூன்று படங்களின் மாற்றப்படாத திரையரங்க வடிவம் 2006 டிவிடியில், லேசர்டிஸ்க் காலத்துப் பிரதியிலிருந்து எடுத்து இணைப்பாகத் தரப்பட்டது. 2011-இல் வந்த ப்ளூ-ரே தொகுப்பில் அது இடம்பெறவில்லை. அந்த வடிவத்தைத் தேடுவோருக்குத் தரம் குறைந்த அந்த டிவிடிதான் அரிய பொருள்.

தமிழ்ப் படங்களின் தனிக் கணக்கு

தமிழ்நாட்டில் இக்கேள்வி வேறு முகத்தோடு வந்தது. 1980-களில் டெக்கும் டிவியும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படம் பார்ப்பதுதான் வழக்கம். கேசட் வாங்கிச் சேர்ப்பது சிலருக்கே வாய்த்தது. வாடகைதான், யாரும் பெயர் சூட்டாமலே, வடிவப் போருக்கு எதிரான பாதுகாப்பாக இருந்தது. அமெரிக்காவிலும் வாடகைக் கடை அதே வேலையைத்தான் செய்தது.

அதன்பின் இங்கே வென்றது டிவிடியைவிடத் தரம் குறைந்த விசிடி. 1993-இல் வரையறுக்கப்பட்ட அந்த வடிவத்தில் ஒரு தட்டுக்கு 74 நிமிடமே கொள்ளும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ தட்டு வேண்டும். தெளிவு கேசட் அளவுக்கே. ஆனால் நாடா சிக்காது, விலை மலிவு. 2007 வாக்கில் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, காத்திருப்பதா வேண்டாமா என்ற யோசனைக்கே இடமில்லாமல் போனது. கடைத்தெருவில் போட்டியிட்டது அடுத்த வடிவம் என்பதைவிட, திருட்டு விசிடிதான்.

புலம்பெயர்ந்தோரின் சிக்கல் இன்னொன்று. இந்தியாவும் இலங்கையும் பால் ஒளிபரப்பு முறையைப் பின்பற்றின, கனடாவும் அமெரிக்காவும் என்டிஎஸ்சி முறையை. ஊரிலிருந்து கொண்டுபோன கேசட்டை மாற்றிப் பதியாமல் டொராண்டோவில் சாதாரண டெக்கில் பார்க்க முடியாது.

தமிழ்ப் படச் சேகரிப்பாளர் கவனிக்க வேண்டியது தட்டின் வகையைவிட அதில் படம் ஏற்றப்பட்ட விதத்தை. ‘3 இன் 1’ டிவிடியை எடுத்துக்கொள்ளலாம். இரட்டை அடுக்குத் தட்டின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை மட்டும் ஏற்றினால் நொடிக்குச் சுமார் 7.5 மெகாபிட் கிடைக்கும். மூன்று படங்களைத் திணித்தால் ஒலியையும் சேர்த்து 2.5 மெகாபிட்தான். உறையில் இரண்டுமே டிவிடிதான். திரையில் போட்டால் கூட்டம் ஆடும் பாட்டில் கட்டம் கட்டமாகச் சிதறும் படம் வேறுபாட்டைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே அடுத்த வடிவத்துக்காகக் காத்திருப்பதைவிட, நல்ல பிரதி ஒன்று எங்காவது இருக்கிறதா என்று தேடுவதே பயனுள்ளது.

இனி வருவது வடிவமா, உரிமமா?

இதுவரை சொன்ன வாதங்கள் அனைத்துக்கும் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: அடுத்து வருவதும் விலைக்கு வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் பொருளாகவே இருக்கும் என்பது. அண்மை ஆண்டுகள் அதை அசைத்துள்ளன. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புதிய ப்ளூ-ரே கருவிகள் தருவதை நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸ் தன் தட்டு வாடகைச் சேவையை 2023 செப்டம்பரில் முடித்தது. பெஸ்ட் பை கடைகள் 2024-இல் தட்டு விற்பனையைக் கைவிட்டன.

அந்த இடத்துக்கு வந்த இணையவழி ‘வாங்குதல்’ பல சமயம் பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் பல சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற சேமிப்புத் திட்டம் 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பிளேஸ்டேஷன் கடையில் காசு கொடுத்து வாங்கப்பட்டிருந்த ஸ்டுடியோகனால் படங்கள், உரிம ஒப்பந்தம் காரணமாக 2022 ஆகஸ்ட் இறுதியில் வாங்கியோரின் கணக்கிலிருந்து நீங்கின. இப்படிப்பட்ட விற்பனையில், வாங்குவோருக்குக் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று கலிஃபோர்னியா இயற்றிய சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அதற்காகத் தட்டு அழியாதது என்று சொல்லிவிடவும் முடியாது. லேசர்டிஸ்க்குகள் பலவற்றில் அடுக்குகளுக்கிடையே அலுமினியம் ஆக்சிஜனேற்றமடைந்து படம் கெட்டது. 2006 முதல் 2008 வரை தயாரான தன் டிவிடிகளில் சில ஓடாமல் போயிருப்பதை வார்னர் நிறுவனம் 2025-இல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தருவதாகச் சொன்னது. கையில் இருப்பது நிலைக்கும் என்ற வாதத்துக்கும் வரம்பு உண்டு.

மதிப்பீடு

விடைகளைச் சேர்த்துப் பார்த்தால், ‘காத்திரு’, ‘வாங்கு’ என்ற இரண்டும் எல்லாக் காலத்துக்கும் பொருந்தவில்லை. வடிவப் போர் நடக்கும்போது கருவியைப் பொறுத்தவரை காத்திருப்பது சரியாகவே இருந்திருக்கிறது. படத்தைப் பொறுத்தவரை, கையில் கிடைக்கும் பதிப்பு வெளிப்படையாகக் குறையுடையதாகவும் நல்ல பதிப்பு நாள் குறித்து அறிவிக்கப்பட்டதாகவும் இருக்கும்போதுதான் காத்திருப்புக்குப் பலன் தெளிவாக உண்டு. அறிவிப்பே இல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்தவருக்கு ‘தி அபிஸ்’ போல் கால் நூற்றாண்டும் ஆகலாம்.

கேள்வியின் எடையும் இடம் மாறியிருக்கிறது. முன்பு காத்திருப்பதால் நேரக்கூடிய இழப்பு சில ஆண்டுகளின் இன்பம்; பொருள் எப்படியும் வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தது. இப்போது அதிகம் விற்காத படங்களுக்கு இன்றைய தட்டே கடைசிப் பதிப்பாக இருந்துவிடவும் கூடும். இதை உறுதியாகச் சொல்வதற்கில்லை, ஏனெனில் சேகரிப்பாளர்களுக்கென்றே சிறு நிறுவனங்கள் பழைய படங்களைப் புதுப்பித்துத் தட்டில் தந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தச் சிறு சந்தைக்காகக் கருவி உற்பத்தி எத்தனை காலம் நீடிக்கும், 4கேவுக்கு அப்பால் ஒரு தட்டு வருமா, கணினியால் துடைத்த பிரதிகளை நாளைய பார்வையாளர் ஏற்பார்களா, உரிமம் என்றாவது உடைமையாகுமா என்பவை திறந்தே கிடக்கின்றன. கடையில் நிற்பவர் இவற்றுக்கு விடை காண முடியாது. இந்தப் படத்தின் இந்தப் பிரதி நல்லதா, இது போனால் வேறு கிடைக்குமா என்ற இரண்டை மட்டும் அவர் விசாரித்துக்கொள்ளலாம். ஐம்பது ஆண்டு வாதங்களில் இன்றும் பயன்படுவது பெரும்பாலும் அந்த இரண்டுக்குள் அடங்கிவிடுகிறது.